பத்திரத்தில் இருந்த பதினாலு குழி பட்டாவில் எங்கே?

கேள்வி: எங்கள் பூர்வீக நிலம் மன்னார்குடிப் பக்கம் இருக்கிறது. 1958-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில், அப்பாவுக்கு வந்த நஞ்சை 4 மா 40 குழி என்றும், தென்னந்தோப்பு முக்காணி என்றும் எழுதியிருக்கிறது. இன்றைய பட்டாவில் நஞ்சை 0 - 57.00, தோப்பு 0 - 10.00 என்று இருக்கிறது. விலை பேச வந்த தரகர் "நஞ்சை 57 சென்ட்தானே" என்கிறார். செல்போனில் மாற்றிப் பார்த்தால் 106 குழி என்று வருகிறது. அண்ணனோ, கிழக்கு வயல்காரர் வருஷா வருஷம் வரப்பை வெட்டித் தள்ளிக்கொண்டே வந்துவிட்டார், அதனால்தான் குறைகிறது என்று சண்டைக்கு நிற்கிறார். தோப்பும் ஓர் ஏக்கர் இருக்க வேண்டும் என்கிறார். பட்டா, புலப்படம், பத்திர நகல் மூன்றையும் இணைத்திருக்கிறேன். உண்மையில் எங்களுக்கு எவ்வளவு நிலம்? அப்பாவின் மூங்கில் கோல் ஒன்று வீட்டுப் பரணில் இருக்கிறது. அதற்கு இன்று ஏதாவது மதிப்பு உண்டா?

ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மனசை ஆற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய மூன்று தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாள்களின்படி உங்கள் நிலம் எங்கும் போகவில்லை. 57 சென்ட் என்பதும் தப்பு, 106 குழி என்பதும் தப்பு, தோப்பு ஓர் ஏக்கர் என்பதும் தப்பு. நஞ்சை 4 மா 26 குழி, தோப்பு முக்காணி. பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் நடுவே காணாமல் போன பதினாலு குழிக்கும் காரணம் உங்கள் தாள்களிலேயே இருக்கிறது. முப்பது வருஷம் நில அளவராக வரப்பு வரப்பாக நடந்தவன் என்பதால், இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். உங்கள் அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பட்டாவில் பரப்புக் கட்டத்துக்கு மேலே 'ஹெக் - ஏர்' என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். ஏருக்குப் பின்னால் புள்ளி வைத்து வருவது ஏரின் நூறில் ஒரு பங்கு, அதாவது சதுர மீட்டர். ஆக 0 - 57.00 என்றால் 57 ஏர். ஓர் ஏர் என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர், 100 சதுர மீட்டர். நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். இதில் சென்ட் எங்கேயும் கிடையாது. ஏக்கரில் நூறில் ஒன்று சென்ட், ஹெக்டேரில் நூறில் ஒன்று ஏர். இரண்டுமே நூறில் ஒன்று என்பதால் ஒன்றை மற்றதாகப் படித்துவிடுகிறார்கள். தரகர் வேண்டுமென்றே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் சொல்ல முடியாது. படித்தவர்கள்கூட இதே தப்பைச் செய்து நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இழப்பு சின்னதல்ல. ஓர் ஏர் 2.471 சென்ட். 57 ஏரை அதால் பெருக்கினால் 140.85 சென்ட், அதாவது ஓர் ஏக்கர் 41 சென்ட். 57 சென்ட் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், சுமார் 84 சென்ட், இரண்டரை மாவுக்கும் மேலே, விலை இல்லாமல் போயிருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பரப்புக்குப் பக்கத்திலேயே 'ரூ - பை' என்று ஒரு கட்டம் இருக்கும். அது தீர்வை, அதாவது நில வரி. அதில் உள்ள எண்ணை நில அளவாக எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

சரி, குழிக்கு வருவோம். செல்போன் பொய் சொல்லவில்லை, ஆனால் அது சொன்னது உங்கள் ஊர்க் குழி இல்லை. குழி என்பது ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள சதுரம். அப்படியானால் கோல் எவ்வளவு என்று முதலில் கேட்க வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடிப் பக்கமெல்லாம் கோல் 12 அடி. 12-க்கு 12, ஒரு குழி 144 சதுர அடி. புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் போனால் குழிக்குக் கோல் 24 அடி. 24-க்கு 24, ஒரு குழி 576 சதுர அடி. கோல் இரண்டு மடங்கு, குழி நாலு மடங்கு. உங்கள் 57 ஏர் 61,354 சதுர அடி. அதை 576-ஆல் வகுத்தால் 106 குழி சொச்சம். உங்கள் செல்போன் செய்தது இதுதான். 144-ஆல் வகுத்துப் பாருங்கள், 426 வரும். நூறு குழி ஒரு மா. ஆக 4 மா 26 குழி.

கோல் ஊருக்கு ஊர் மாறுவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே பன்னிரண்டடிக் கோல், பதினாறடிக் கோல், பதினெட்டடிக் கோல் என்று, எந்தக் கோலால் அளந்தது என்பதையும் சேர்த்தே வெட்டி வைத்திருக்கிறார்கள். வெறும் குழி என்று சொன்னால் அளவு சொன்னதாகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் கோலை விட்டுவிட்டுக் குழியை மட்டும் எழுதப் பழகிவிட்டோம். ஒரு தலைமுறை ஊரைவிட்டு வெளியே போனதும் இந்தக் குழப்பம் வருகிறது. உள்ளூரில் இருக்கிறவரை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை, எல்லோருக்கும் ஒரே கோல்தான்.

இப்போது அந்தப் பதினாலு குழி. பத்திரத்தில் 440 குழி, பட்டாவில் 426. சதுர அடியில் சுமார் 2,000, சென்டில் நாலரைக்கு மேலே. அண்ணன் கோபப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நாலு பக்க அளவையும் கோலில் எழுதியிருக்கிறார்கள்: கீழ்புறம் 22½ கோல், மேல்புறம் 21½, வடபுறம் 20½, தென்புறம் 19½. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை என்ன செய்திருப்பார்? கீழ்புறத்தையும் மேல்புறத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் 22. வடபுறத்தையும் தென்புறத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் 20. இருபத்திரண்டு இருபது நானூற்று நாற்பது. இதுதான் உங்கள் 4 மா 40 குழி. வயல்வெளியில் நின்றுகொண்டே வாயால் போடுகிற கணக்கு, ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு குறை. நாலு மூலையும் சரியான மட்டமூலையாக, அதாவது செங்கோணமாக, இருந்தால்தான் இது சரியாக வரும். மூலை கொஞ்சம் சாய்ந்தாலும் கணக்கு நிஜப் பரப்பைவிடக் கூடுதலாகக் காட்டும். எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. ஒரு தீப்பெட்டியின் உள்பெட்டியைக் கழற்றிவிட்டு, வெளிக்கூட்டை மட்டும் விரலால் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நாலு பக்கத்தின் நீளமும் அப்படியே இருக்கும், வாய் மட்டும் ஒடுங்கிக்கொண்டே வரும். உங்கள் வயலும் அப்படிச் சாய்ந்த வயல்தான்.

எப்படித் தெரியும் என்றால், புலப்படத்தில் தெரிகிறது. வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு நடுவில் ஒரு கோடு ஓடுகிறதே, அதை நாங்கள் ஜி-லைன் என்போம். அதன் நீளம் 120 மீட்டர். அந்தக் கோட்டிலிருந்து தென்மேற்கு மூலைக்குச் செங்குத்தாக 45 மீட்டர், வடகிழக்கு மூலைக்கு 50 மீட்டர் என்று போட்டிருக்கிறது. கோடு வயலை இரண்டு முக்கோணமாக வெட்டுகிறது. முதல் முக்கோணம் 120-ஐ 45-ஆல் பெருக்கி அதில் பாதி, 2,700 சதுர மீட்டர். இரண்டாவது 120-ஐ 50-ஆல் பெருக்கி அதில் பாதி, 3,000. இரண்டும் சேர்த்து 5,700 சதுர மீட்டர், 57 ஏர். பட்டாவில் இருப்பது இதே எண்தான். மூலை எவ்வளவு சாய்ந்திருந்தாலும் முக்கோணக் கணக்கு ஏமாறாது.

அடுத்து, புலப்படத்தின் வெளிக்கோடுகளைப் பாருங்கள். கிழக்கே 82.0, மேற்கே 79.1, வடக்கே 74.3, தெற்கே 71.1 மீட்டர். ஒரு கோல் 12 அடி, 3.66 மீட்டர். மாற்றினால் கிழக்கே 22.4 கோல், மேற்கே 21.6, வடக்கே 20.3, தெற்கே 19.4. அரைக் கோல் அரைக் கோலாக எழுதினால் என்ன வரும்? 22½, 21½, 20½, 19½. அப்படியே உங்கள் தாத்தா காலத்துப் பத்திரம். இதைப் போட்டு முடித்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. நாலு பக்கமும் 1958-இல் அளந்த அதே அளவில் இருக்கின்றன. கிழக்கு வயல்காரர் வரப்பைத் தள்ளியிருந்தால் வடபுறமும் தென்புறமும் அரைக் கோலாவது குறைந்திருக்க வேண்டும், புலப்படத்தில் அப்படி எதுவும் இல்லை.

இதே மீட்டர் அளவுகளைக் கணக்குப்பிள்ளை முறையிலேயே போட்டால் 438 குழி வருகிறது. ஆக, பதினாலு குழியில் ஏறக்குறைய பன்னிரண்டு மூலை சாய்ந்ததால் வந்த வித்தியாசம், மிச்சம் இரண்டு அரைக் கோலாக எழுதியதால் வந்தது. அவ்வளவுதான்.

இதை வயலிலேயே சோதிக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீளமான டேப் ஒன்றை எடுத்துப் போங்கள். ஒரு மூலைவிட்டம் 120 மீட்டர். மற்ற இரண்டு மூலைகளுக்கு, வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு, டேப் பிடியுங்கள். 95 மீட்டர் சொச்சம்தான் வரும். மட்டமூலை வயலாக இருந்தால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கும். அண்ணனையே ஒரு முனை பிடிக்கச் சொல்லுங்கள். நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அந்த டேப் அவருக்கு நன்றாகப் புரிய வைக்கும்.

அப்புறம் தோப்பு. முக்காணி என்பதை உங்கள் அண்ணன் முக்கால் காணி என்று படித்திருக்கிறார் என நினைக்கிறேன். வட மாவட்டங்களில் காணி என்றால் 24 கிரவுண்டு, 57,600 சதுர அடி, ஓர் ஏக்கர் 32 சென்ட். அதில் முக்கால் என்றால் 99 சென்ட். அதனால்தான் ஓர் ஏக்கர் என்கிறார். ஆனால் தஞ்சைச் சீமைப் பத்திரத்தில் இந்தச் சொற்கள் எல்லாம் வேலி என்ற பெரிய நில அளவின் பின்னங்கள். நம் பழைய எண் சுவடியில் மா என்றாலே இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. வேலியில் இருபதில் ஒன்று என்பதால்தான் நிலத்துக்கும் மா என்று பெயர். ஒரு வேலி 2,000 குழி. அதில் எண்பதில் ஒன்றான காணி 25 குழி. முக்காணி மூன்று காணி, 75 குழி. சதுர அடியில் 10,800, சென்டில் கிட்டத்தட்ட 25, ஏரில் பத்து. பட்டாவில் 0 - 10.00 என்று சரியாக இருக்கிறது. இதே மாதிரித் தாள்கள் வீட்டில் வேறு இருந்தால், அரைமா என்பது 50 குழி, அரைக்காணி பன்னிரண்டரை, முந்திரி ஆறேகால் என்று வைத்துப் படியுங்கள். இந்தப் பின்னங்கள் வாயில் சரளமாக வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இப்போது சொல்லித் தர ஆளில்லாமல் போகிறது, அது எனக்குப் பெரிய வருத்தம்.

விலை பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். மூன்று மா ஓர் ஏக்கர் என்று ஊரில் சொல்வார்கள். பேச்சுக்குச் சரி, பணம் கொடுக்கல் வாங்கலுக்குச் சரியில்லை. ஒரு மா 14,400 சதுர அடி, மூன்று மா 43,200. ஏக்கர் 43,560. மூன்று மாவுக்கு 360 சதுர அடி குறைகிறது. ஒரு வேலி அளவுக்குப் போனால், இந்தச் சின்ன வித்தியாசம் சரியாக 2,400 சதுர அடியாகிவிடும். சென்னைக் கணக்கில் முழுசாக ஒரு கிரவுண்டு. அதனால் மாவுக்கு இவ்வளவு என்று பேசினால் கடைசிவரை மாவிலேயே கணக்குப் போடுங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசினால் சென்டில் போடுங்கள். நடுவில் மாற்ற வேண்டி வந்தால் சதுர மீட்டருக்கோ சதுர அடிக்கோ போய்விட்டு, அங்கிருந்து அடுத்த அளவுக்கு இறங்குங்கள். நேராக ஒரு பழைய அளவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற இடத்தில்தான் எல்லாத் தப்பும் நடக்கிறது. டெல்டாக் குழிக்கு ஒரே ஒரு எண் போதும்: ஏரை 7.475-ஆல் பெருக்கினால் குழி. கையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவரிடம் பழைய பத்திரத்தைக் காட்டி 440 குழிக்குப் பணம் கேட்காதீர்கள். நிலத்தில் இருப்பது 426. நீங்களே முன்னால் சொல்லிவிட்டால் பேச்சு சுமுகமாக முடியும். கிரயப் பத்திரத்தில் பரப்பை ஹெக்டேர் 0.57.00 என்று எழுதச் சொல்லுங்கள். அதை ஒட்டியே, ஏக்கர் 1-க்கு மேல் சென்ட் 41, உள்ளூர் வழக்கில் 12 அடிக் கோலுக்கு 4 மா 26 குழி என்றும் வரட்டும். 1958 பத்திரத்தில் 4 மா 40 குழி என்று கண்டிருப்பதும் இதே நிலம்தான் என்று ஒரு வரியும், புல எண், உட்பிரிவு எண், நாலு எல்லை, நாலு பக்க நீளமும் விடாமல் வர வேண்டும். பரப்பும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லையைத்தான் முதலில் பார்ப்பார்கள். '12 அடிக் கோலுக்கு' என்ற அந்த இரண்டு சொல்லை ஆவண எழுத்தர் தேவையில்லை என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். அறுபது வருஷம் கழித்து உங்கள் பேரப்பிள்ளைகளில் ஒருவர் இதே கேள்வியோடு உட்காரக் கூடாது.

புலப்படத்தைப் பற்றி இன்னும் ஒரு எச்சரிக்கை. சில ஊர்களில் பழைய புலப்பட நகல் கையில் கிடைக்கும். அதில் 82.0 இருக்க வேண்டிய இடத்தில் 408 என்றோ, 79.1-க்குப் பதில் 393 என்றோ இருந்தால் பயப்படாதீர்கள். அது லிங்க், அதாவது அளவுச் சங்கிலியின் கண்ணிக் கணக்கு. மீட்டர் வருவதற்கு முன்னால் 66 அடிச் சங்கிலியை நூறு கண்ணியாகப் பிரித்து அளந்தோம். ஒரு கண்ணி 20 சென்டிமீட்டர் சொச்சம். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரியவர்கள் அந்தக் கணக்கை மனசிலேயே போடுவார்கள்.

நான் சொன்னது எல்லாம் தாளை வைத்துச் சொன்னது. தரையில் இன்று வரப்பு எங்கே இருக்கிறது என்பதை நான் பார்க்கவில்லை. அண்ணனுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், அத்துமால், அதாவது எல்லை, அளந்து காட்டச் சொல்லி நில அளவைக்கு மனுக் கொடுங்கள். எஃப்-லைன் மனு என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும், அதற்குக் கட்டணம் உண்டு. அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து அளக்கச் சொல்லுங்கள். நாற்று நிற்கும்போது சேற்றில் டேப் இழுத்தால் யாருக்கும் திருப்தி வராது. கிழக்கு வயல்காரரையும் முன்கூட்டியே கூப்பிட்டுக் கூட நிறுத்துங்கள். அவர் இல்லாமல் அளந்தால், அளந்தது சரியாகவே இருந்தாலும் அவர் மனசில் ஒரு கீறல் விழும். இத்தனை வருஷம் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்கள் நீங்கள்.

கடைசியாக அந்த மூங்கில் கோல். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பரணிலிருந்து இறக்கித் துடைத்து, நுனியில் பூண் இருந்தால் பூணோடு சேர்த்து, டேப் வைத்து அளந்து பாருங்கள். 12 அடி, அதாவது 3 மீட்டர் 66 சென்டிமீட்டர் இருந்தால், உங்கள் பத்திரம் எந்தக் கோலால் எழுதப்பட்டது என்பதற்கு உங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் வெட்டுக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். அரைக் கோல் அளப்பதற்காக ஆறாவது அடியில் ஒரு குறி போட்டிருப்பார்கள். அளந்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.